அரைப் பென்னிப் பாலம்

ஆறு யாருக்குச் சொந்தம் எனக் கேட்டால் ஊருக்குச் சொந்தம் என்போம். அந்த ஆற்றைக் கடக்கும் வழி யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு விடை காண லண்டன் மாநகருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மன்னர்களின் மணவினைகளையும் தளபதிகளின் வெற்றிகளையும் வரிசைப்படுத்தி மாணவரை உருப்போடச் செய்யும் வரலாற்று நூல்கள் இக்கதைக்கு இடம் தருவதில்லை. உழைப்பாளியின் பையிலிருந்து நாள்தோறும் பறிபோன அரைப் பென்னியைப் பற்றி எழுத எந்த அரசவைப் புலவனுக்கு நேரம் இருந்தது? ஆகவே நாம் எழுதுகின்றோம்.

தேம்ஸ் ஆற்றின் வடகரையில் செல்சீ, தென்கரையில் பேட்டர்சீ. 18ஆம் நூற்றாண்டில் பேட்டர்சீப் பண்ணையை விலைக்கு வாங்கினார் ஸ்பென்சர் கோமான். நிலத்தோடு படகுத்துறையும் அவர் கைக்கு வந்தது. துறையிருந்த இடத்தில் பாலம் வந்தால் சுங்கமும் வரும், நிலத்தின் மதிப்பும் ஏறும். 1766ஆம் ஆண்டு பாராளுமன்றம் சட்டம் இயற்றி அவருக்கு அனுமதி வழங்கிற்று. கல்லாற் கட்டுவதே முதல் திட்டம். அதற்கு வேண்டிய பணம் திரளவில்லை. பின்னர்ப் பதினைந்து பேர், ஆளுக்கு 1,500 பவுனாகப் போட்டனர். ஹென்றி ஹாலண்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து தந்த மரப் பாலம் எழுந்தது. 1771இல் நடப்போரும், 1772இல் வண்டிகளும் அதன்மீது செல்லத் தொடங்கினர்.

கல்லுக்குத் திட்டமிட்டு மரத்தில் முடித்த பாலம் அது. 734 அடி நீளம், 24 அடி அகலம், பத்தொன்பது கண்கள். கண்கள் குறுகியவை; ஆறோ அவ்விடத்தில் வளைந்து செல்வது. படகுகள் தூண்களில் மோதின, தூண்கள் தளர்ந்தன. ஆயினும் சுங்கக் கதவு மட்டும் தளரவில்லை! நடந்து செல்பவனுக்கு அரைப் பென்னி. நான்கு குதிரை பூட்டிய வண்டிக்கு ஒரு ஷில்லிங்.

அரைப் பென்னிதானே என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. அவர்களுக்காகக் கணக்கிட்டுப் பார்ப்போம். அக்கரையில் வேலை, இக்கரையில் வீடு. போக அரை, வர அரை, நாளுக்கு ஒரு பென்னி. வாரத்திற்கு ஆறு நாள் உழைத்தால், ஆண்டுக்கு 312 பென்னி. அதாவது ஒரு பவுன் ஆறு ஷில்லிங். கோமானும் நடந்து வந்தால் அதே அரைப் பென்னிதான். ஆனால் கோமான் நடந்தா வரப்போகிறார்? எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்பது கேட்பதற்குச் சமத்துவம். கொடுத்துப் பார்த்தவனுக்கே அதன் கனம் தெரியும்.

"பணம் போட்டவன் பயன் பெறுவது குற்றமா? அவர்கள் கட்டாதிருந்தால் பாலமே இருந்திராதே!" எனச் சிலர் வாதிடக்கூடும். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. படகை நம்பிக் காத்துக் கிடந்த மக்களுக்குப் பாலம் நன்மையே செய்தது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேறு வழியே இருந்ததில்லை என்பதைத்தான் மறுக்கின்றோம். அதே ஆற்றின்மீது 1750இல் திறக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் பாலம், சீட்டு நடத்திச் சேர்த்த பணத்தாலும் பாராளுமன்றம் தந்த மானியத்தாலும் கட்டப்பட்டது. சுங்கம் இன்றி மக்கள் நடந்தனர். 1769இல் லண்டன் நகர மன்றம் கட்டிய பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தில் சுங்கம் இருந்தது. 1785இல் அது நீக்கப்பட்டது. பொதுமன்றம் கட்டிய பாலத்தில் சுங்கத்திற்கு முடிவு உண்டு. தனியார் பாலத்தில் முடிவு ஏது?

அதனினும் வேடிக்கை ஒன்றைக் கேளுங்கள். 1864ஆம் ஆண்டு, பேட்டர்சீப் பாலத்திற்கு அருகிலேயே ஆல்பர்ட் பாலம் என்ற இன்னொன்றைக் கட்ட வேறொரு கம்பெனி முன்வந்தது. பழைய முதலாளிகள் வருமானம் போயிற்றே எனப் பதறினர். பாராளுமன்றம் யார் கண்ணீரைத் துடைத்தது தெரியுமா? புதிய கம்பெனி பழைய பாலத்தை விலைக்கு வாங்க வேண்டும். புதுப்பாலம் திறக்கும் வரை ஆண்டுதோறும் 3,000 பவுன் ஈட்டுத்தொகை தர வேண்டும் எனச் சட்டத்திலேயே எழுதிற்று. ஒரு நூற்றாண்டாக அரைப் பென்னி அழுதவனுக்கு ஈட்டுத்தொகை பற்றி அச்சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. 1873இல் ஆல்பர்ட் பாலம் திறந்தது. இரண்டு பாலமும் ஒரே கம்பெனியின் கைக்குச் சென்றன. அங்கும் சுங்கம், இங்கும் சுங்கம்.

ஆற்றின் கீழ்ப்பக்கம் வாட்டர்லூ பாலத்தின் கதையும் இதுவே. போர் வெற்றியின் இரண்டாம் ஆண்டு நிறைவாகிய 1817 ஜூன் 18இல் அது கோலாகலமாய்த் திறக்கப்பட்டது. பெயரில் வெற்றி, வாயிலில் ஒரு பென்னிச் சுங்கம். அந்த ஒரு பென்னியை மிச்சப்படுத்த எண்ணியோர் சுற்றி நடந்து, சுங்கமில்லாப் பாலங்களின் வழியே ஆற்றைக் கடந்தனர். கல் அடுக்கிக் கட்டிய பாலம் அருகிலிருக்க, கால் கடுக்க நடந்த மக்களை எண்ணிப் பாருங்கள்!

மாற்றம் எங்கிருந்து வந்தது? அரண்மனையிலிருந்து அன்று, நகராண்மையிலிருந்து. 1855ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த 'மெட்ரோபாலிடன் போர்டு ஆஃப் ஒர்க்ஸ்', லண்டனின் கழிவு நீரைச் சீர்செய்த நிறுவனம். அதன் தலைமைப் பொறியாளர் ஜோசப் பாசல்கெட். 1877இல் இயற்றப்பட்ட சட்டம், சுங்கப் பாலங்களை விலைக்கு வாங்கி மக்களுக்குத் திறந்துவிடும் அதிகாரத்தை அதற்கு அளித்தது. வாட்டர்லூ பாலத்திற்கு ஏறத்தாழ 4,75,000 பவுன் கொடுக்கப்பட்டது. 1878 அக்டோபரில் சுங்கம் ஒழிந்தது. 1879 மே 24, விக்டோரியா அரசியாரின் பிறந்த நாளன்று, பேட்டர்சீ, ஆல்பர்ட், செல்சீ, வாக்ஸால், லாம்பெத் ஆகிய ஐந்து பாலங்களின் சுங்கமும் நீங்கிற்று. இளவரசர் வந்தார், விழா நடந்தது. விழா இளவரசருக்கு, விடுதலையோ விடியலில் வேலைக்கு நடப்பவனுக்கு.

பேட்டர்சீ, ஆல்பர்ட் இரண்டிற்கும் சேர்த்து 1,70,000 பவுன் விலை. அரைப் பென்னிகளாக எண்ணினால் எட்டுக் கோடியே பதினாறு லட்சம்! முன்னரே சுங்கமாகக் கொடுத்த மக்கள் இப்போது வரியாகவும் கொடுத்தனரே, இது இரட்டைச் சுமையன்றோ எனக் கேட்கலாம். சுமைதான். ஆனால் வேறுபாட்டை நோக்க வேண்டும். சுங்கம் ஆளை எண்ணி வாங்குவது. இல்லாதவனிடமும் அதே தொகை. நகராண்மை வரியோ வீட்டின் மதிப்பை அளந்து வாங்குவது. மாளிகைக்கு மிகுதி, குடிசைக்குக் குறைவு. சுமை எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. யார் தோளில் என்றும் கேட்க வேண்டும்.

வாங்கிய பொருளின் நிலை என்ன? மரம் உளுத்திருந்தது. 1883இல் பழைய பாலத்தில் வண்டிகள் செல்வது தடுக்கப்பட்டது. 1885இல் அது இடிக்கப்பட்டது. பாசல்கெட் வரைந்த இரும்புப் பாலம் அவ்விடத்தில் எழுந்து, 1890 ஜூலை 21இல் திறக்கப்பட்டது. ஆல்பர்ட் பாலத்திற்கும் வலுவூட்ட நேர்ந்தது. ஆதாயம் தனியாருக்கு, பழுது பொதுவுக்கு என்ற நியதியை இங்கேயும் காண்கின்றோம். விலை பேசுமுன் தூணைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது எந்த ஊர் மன்றமும் கற்கவேண்டிய பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. மக்கள் நேரே தேர்ந்தெடுக்காத மன்றம் அந்தப் போர்டு. ஊழல் புகார்கள் எழுந்தன, பெயர் கெட்டது, 1889இல் அது மறைந்தது. மக்கள் வாக்களித்து அமைத்த லண்டன் கவுண்டி கவுன்சில் அதன் இடத்திற்கு வந்தது. புதிய பேட்டர்சீப் பாலத்தைத் திறந்துவைத்தவர் அக்கவுன்சிலின் முதல் தலைவர் ரோஸ்பரி பிரபு. பொதுவுடைமை ஆனவுடனே எல்லாம் தூய்மையாகிவிடும் என நாம் சொல்லவில்லை. பொதுச்சொத்தின்மேல் பொதுமக்களின் கண்ணும் இருக்க வேண்டும். கண்ணுக்கு வாக்குச்சீட்டின் வலிமையும் வேண்டும்.

பழைய மரப் பாலத்தை விஸ்லர் என்ற ஓவியர் நீல அந்தியில் தீட்டியிருக்கிறார். அவ்வோவியத்தை இன்றும் மக்கள் வியந்து பார்க்கின்றனர். அழகுதான், ஐயமில்லை. ஆனால் அதன்மீது சென்ற ஒவ்வொருவரும் அரைப் பென்னி கொடுத்துச் சென்றனர் என்பதை ஓவியம் சொல்வதில்லை. அதைச் சொல்வது வரலாற்றின் கடமை.

ஆல்பர்ட் பாலத்தின் இரு முனைகளிலும் சுங்கச் சாவடிகள் இன்னும் நிற்கின்றன. உள்ளே காசு வாங்க ஆளில்லை. வெளியே காசு நீட்டுவோரும் இல்லை. மக்கள் அவற்றைத் திரும்பியும் பாராமல் நடந்து போகின்றனர். அப்படி நடந்து போக முடிவதே, நம் கண்ணுக்கு, அந்நகரின் வெற்றிச் சின்னங்களுள் சிறந்தது.