பைஜு தர்மஜன்

கேரளத்து ராக் கிட்டார் கலைஞர். 1996இல் கொச்சியில் உருவான ‘மதர்ஜேன்’ குழுவில் முன்னணிக் கிட்டார் வாசித்துப் பெயர் பெற்றவர். கிட்டாருக்கு முன் கற்றது கர்நாடக வயலின். அந்தப் பழக்கம் விரல்களைவிட்டுப் போகவில்லை. கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஸ்வரங்களைத் துண்டுதுண்டாகப் பிரித்துவிடும். தந்தியை இழுத்தும் விரலைச் சறுக்கியும் அவர் அங்கே கமகத்தை வரவழைத்தார். வீணைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் டிஸ்டார்ஷன் ஏற்றிய மின்கிட்டாரில் அதன் சீற்றமே வேறு. 2008இல் வெளிவந்த ‘மக்தூப்’ ஆல்பத்தில் இப்பாணியைக் கேட்கலாம். வேகம் காட்டும் இடங்களைவிட, ஸ்வரத்தை அசைத்து நிறுத்தும் இடங்களே அதில் உயர்ந்தவை. ‘அவியல்’ குழு மலையாள வரிகளால் ராக்கை மண்ணுக்குக் கொண்டுவந்தது என்றால், ஆங்கிலத்தில் பாடிய மதர்ஜேனுக்கு அதைச் செய்தது இவருடைய கிட்டார். 2010இல் மதர்ஜேனிலிருந்து விலகினார்.