இலங்கை செல்வோர் பேண வேண்டிய ஒழுங்குகள்

திருவண்ணாமலையில் வாழும் நமக்குப் பௌர்ணமி என்றதும் கிரிவலக் கூட்டம் நினைவுக்கு வரும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' எனும் அரசு விடுமுறை நாள். அன்று மதுக்கடைகளுடன் இறைச்சிக் கடைகளும் மூடப்படும். எனவே பயணத் தேதியை முடிவு செய்யும் முன் போயா நாட்களைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்நாட்டு மக்களில் சுமார் 70 சதவீதத்தினர் பௌத்தர்கள். சுற்றுலா செல்லும் நம்மவர்கள் கண்டி தலதா மாளிகை, அனுராதபுரம், தம்புள்ளை குகைகள் போன்ற இடங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே கவனிக்க வேண்டியவை:

உடை: தோளும் முழங்காலும் மறைய வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். வெயிலில் கல்தரை கொதிக்கும் என்பதால் காலுறை உதவும். தலையில் அணிந்திருப்பதையும் எடுக்கச் சொல்வார்கள். தொப்பியைக் கழற்ற மனமில்லாதவர் வாதம் செய்யாமல் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

புகைப்படம்: புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது அவமதிப்பு. சிலைக்கு முத்தமிடுவதுபோல் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு 2012இல் காலி நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. ஹொரவப்பொத்தானை அருகே பழைமையான தூபியின்மேல் ஏறி நின்று எடுத்த படங்களுக்காக முஸ்லிம் மாணவர்கள் எட்டுப் பேர் 2019 ஜனவரியில் கைதானார்கள். புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பெண் ஒருவர் 2014இல் நாடு கடத்தப்பட்டார்.

பிக்குகள்: பேருந்தின் முன் இருக்கைகள் மதகுருமாருக்கு உரியவை, அங்கே அமர வேண்டாம். பெண்கள் பிக்குகளைத் தொடுவதோ கைகொடுப்பதோ கூடாது.

இவற்றையெல்லாம் பேணினால் ஈமானுக்குப் பங்கம் வருமா எனச் சிலர் கேட்கிறார்கள். மரியாதை வேறு, வழிபாடு வேறு. பூ வைக்கவோ, விளக்கேற்றவோ, சிலைமுன் கைகூப்பவோ பார்வையாளரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஓரமாக அமைதியாக நின்றால் போதும். பிறர் வணங்குபவற்றை ஏச வேண்டாம் என்பது அல்அன்ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை.

இன்னொன்றையும் மனதில் கொள்வோம். நாம் நான்கு நாளில் ஊர் திரும்பிவிடுவோம். நம்மால் ஒரு கசப்பு நேர்ந்தால், அதைச் சுமப்பவர்கள் அங்கேயே சிறுபான்மையாக வாழும் நம் சகோதரர்கள்தான்.