நவூரு: காலனி ஆட்சியும் ஜப்பானிய ஆக்கிரமிப்பும்

நவூரு, பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே தனித்துக் கிடக்கும் தீவு. பரப்பு 21 சதுர கி.மீ. 1888இல் இதைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்ட ஜெர்மனி, பத்தாண்டுகளாக நீடித்த குலச்சண்டையை அடக்கித் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்தது. 1900இல் ஆல்பர்ட் எல்லிஸ் இங்கு உயர்தரப் பாஸ்பேட் இருப்பதை உறுதி செய்தார். சிட்னி அலுவலகம் ஒன்றில் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லை அவர் சோதித்துப் பார்த்ததே இதன் தொடக்கம் என்பர். 1914இல் ஆஸ்திரேலியப் படை தீவைக் கைப்பற்றியது. போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றுக்கும் பொதுவான ஆணைப்பகுதியானது; நிர்வாகத்தை நடத்தியது ஆஸ்திரேலியா.

1920இல் வந்த இன்புளுயென்சா தீவினரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைக் கொன்றது. 1,500 பேராவது இருந்தால்தான் இனம் நிலைக்கும் என்ற எண்ணம் வேரூன்றியது. 1932 அக்டோபர் 26இல் பிறந்த ஒரு பெண் குழந்தை அந்த எண்ணிக்கையை நிறைவு செய்தது. அந்நாள் இன்றும் அங்கம் என்னும் பெயரில் கொண்டாடப்படுகிறது.

1940 டிசம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் பாஸ்பேட் கப்பல்களை மூழ்கடித்தன; அப்போர்க்கப்பல்களுள் ஒன்றான கோமெட், பாஸ்பேட் ஏற்றும் அமைப்புகளையும் குண்டுவீசிச் சிதைத்தது. 1942 பிப்ரவரியில் ஐரோப்பியரும் சீனத் தொழிலாளரில் பலரும் வெளியேற்றப்பட்டனர். நிர்வாகி பிரடெரிக் சால்மர்ஸும் சிலரும் தங்கிவிட்டனர். ஆகஸ்ட் 26இல் ஜப்பானியர் இறங்கினர். விமான ஓடுதளம் போடத் தீவினரும் கொரியரும் வேலை வாங்கப்பட்டனர். 1943 மார்ச் 25இல் அமெரிக்க விமானங்கள் ஓடுதளத்தைத் தாக்கிய பின் சால்மர்ஸும் நான்கு ஆஸ்திரேலியரும் ஜப்பானியரால் கொல்லப்பட்டனர். ஜூலையில் தொழுநோயாளர் 39 பேரைப் படகில் ஏற்றிக் கடலில் மூழ்கடித்தனர்; ஆக்கிரமிப்பின் மிகக் கொடிய செயல்களில் இது ஒன்று.

அதே ஆண்டின் நடுவில் சுமார் 1,200 நவூருவர் துரூக் (இன்றைய சூக்) தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். தீவில் உணவு போதாமையே காரணம் என்பர் சிலர்; துரூக்கில் ஆள் தேவைப்பட்டது என்பர் வேறு சிலர். இரண்டும் சேர்ந்திருக்கலாம். எஞ்சியோர் பஞ்சத்தில் வாடினர். வளமான மண் குறைவு என்பதால் எண்ணெய்ப் பீப்பாய்களைப் பாதியாக வெட்டி, மனிதக் கழிவை உரமாக இட்டுப் பூசணி வளர்த்தார்கள். அதுவே பலருக்கு அன்றாட உணவு. வயிற்றுக்கடுப்பும் அதனோடு பரவியது.

1945 செப்டம்பர் 13இல் ஜப்பானியப் படை சரணடைந்தது. துரூக்கிலிருந்து 1946 ஜனவரி 31இல் திரியென்சா கப்பலில் திரும்பியோர் 737 பேர் என்பதே பெரும்பாலும் தரப்படும் எண். நூலுக்கு நூல் சற்று மாறுகிறது. அங்கம் குழந்தையும் துரூக்கிலேயே இறந்தது. மக்கள்தொகை மீண்டும் 1,500ஐ எட்டியது 1949இல்தான்.

1947 முதல் ஐ.நா. பொறுப்பாட்சிப் பகுதி. திரும்பிய நாளையே தேர்ந்து, 1968 ஜனவரி 31இல் நவூரு விடுதலை பெற்றது. முதல் அதிபர் ஹாமர் டிரோபர்ட்டும் துரூக்கிலிருந்து மீண்டவர். பாஸ்பேட் வெட்டியெடுத்துப் பாழாக்கிய நிலத்துக்காக 1989இல் ஆஸ்திரேலியாமீது சர்வதேச நீதிமன்றத்தில் நவூரு தொடுத்த வழக்கு, 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் உடன்பாட்டில் முடிந்தது.