பெயரில் ஒளிந்த எண்

மார்கழியில் மயிலாப்பூர்ச் சபைகளில் கல்யாணி ஒலிக்காத நாள் அரிது. 72 மேளகர்த்தாக்களின் வரிசையில் அதன் இடம் எது? 1962-இல் ஐவர்ஸன் நூலாக வெளியிட்ட குறியீட்டு முறையில் பிறந்த ஏ.பி.எல். என்னும் கணிப்பொறி மொழியில், வரிசைக்கும் தேடும் பொருளுக்கும் நடுவே கிரேக்க ‘அயோட்டா’ எழுத்தை இட்டால் இடவெண் வந்துவிடும். அங்கே தேடுவது பொறியின் வேலை.

நம்மவர் தேடும் வேலையையே ஒழித்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். பின்வந்தோர் கடபயாதி முறைப்படி பெயர்களில் எண்ணைப் பொதிந்தனர். ம 5, ச 6. தலைகீழாகப் படித்தால் 65. இதற்கென்றே கல்யாணி ‘மேசகல்யாணி’ ஆயிற்று. சங்கராபரணத்துக்கும் ‘தீர’ என்னும் அடைமொழி ஒட்டிக்கொண்டது. அதன் எண் 29.

தமிழ் எழுத்தில் படிக்கும் எனக்கு இங்கே ஓர் இடர். வடமொழியில் 6 முதல் 9 வரை எண் பெறும் நான்கு ஒலிகளுக்கும் நம்மிடம் ‘த’ ஒன்றே. எழுத்தை மட்டும் நம்பினால் ‘தீர’ என்பது 26-ஆம் சாருகேசியையும் காட்டும், 27-ஆம் சரசாங்கியையும் காட்டும், 28-ஆம் ஹரிகாம்போஜியையும் காட்டும்! அவ்வெழுத்தின் ஒலியை ஆசானிடம் காதால் கேட்டே அறிய வேண்டும். மேடையிலோ பாடகர் வெறும் ‘சங்கராபரணம்’ என்றே சொல்லித் தொடங்குகிறார்.