டாக்குமென்டேஷன் என்னும் வேண்டாத வேலை: கொஞ்சம் வரலாறு

மென்பொருள் துறையில் எல்லோரும் தள்ளிப்போடுகிற வேலை ஒன்று உண்டென்றால் அது டாக்குமென்டேஷன்தான். நிரல் எழுதச் சொன்னால் ராத்திரி முழுக்க உட்காருகிற ஆட்கள், "எழுதினதை விளக்கி நாலு பக்கம் கொடுங்க" என்றால் காணாமல் போய்விடுவார்கள். உங்கள் வீட்டில் பொட்டி தட்டுகிறவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள் :-) இந்த வேண்டாத வேலையைச் சுலபமாக்க ஐம்பது வருடங்களுக்கு மேலாகப் பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த சில இடங்கள் இங்கே.

யூனிக்ஸ் பிறந்த கதையிலேயே இது ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி குழுவினருக்கு ஒரு புதுக் கணினி தேவைப்பட்டது. ஆனால் 'இயங்குதளம் எழுதப் போகிறோம்' என்று கேட்டால் காசு பெயராது. மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டத்தில் கையைச் சுட்டுக்கொண்டு 1969-ல்தான் ஆய்வகம் வெளியே வந்திருந்தது. அதனால் ஆவணங்களைத் தட்டச்சு செய்து வடிவமைக்கும் ஏற்பாடு என்று சொல்லி பிடிபி-11 கணினியை வாங்கினார்கள். முதல் வாடிக்கையாளர் ஆய்வகத்தின் காப்புரிமைத் துறை. 1971-ன் பிற்பாதியில் அந்தத் துறையின் தட்டச்சர்கள் மூன்று பேர் பகல் முழுக்க விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருக்க, அதே கணினியில்தான் இவர்கள் யூனிக்ஸை எழுதிக்கொண்டிருந்தார்கள். மொத்த நினைவகம் 24 கிலோபைட். இன்று நம் குடும்பக் குழுக்களில் காலையில் வந்து விழும் ஒரு 'குட் மார்னிங்' படம்கூட அதைவிடப் பெரிது!

காப்புரிமைத் துறைக்காக வைத்திருந்த 'ராஃப்' என்ற வடிவமைப்பு நிரலைக் கொண்டே யூனிக்ஸின் சொந்தக் கையேட்டையும் தயார் செய்தார்கள். முதல் பதிப்பின் தேதி 1971 நவம்பர் 3. லினக்ஸில் 'மேன்' என்று தட்டினால் வரும் பக்கங்களுக்கு அதுதான் மூதாதை. ஒரு கட்டளைக்கு ஒரு பக்கம். பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று ஒரே ஒழுங்கு. அதில் இரண்டு தலைப்புகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று 'பிழைகள்'. இந்த நிரல் எங்கே சொதப்பும் என்று எழுதினவரே ஒப்புக்கொள்கிற இடம். இன்னொன்று 'உரிமையாளர்'. சந்தேகம் வந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்கான பெயர்.

அந்த உரிமையாளர் வரியின் அருமை நம் ஊர் ஐடி ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். 1990களின் கடைசியில் ஒய்2கே வந்தபோது, எங்கோ யாரோ இருபது முப்பது வருடங்களுக்கு முன் எழுதிய கோபால் நிரல்களைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தவர்கள் நம் ஆட்கள். எழுதியவர்களில் பலர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அன்று தொடங்கி பெங்களூரிலும் புனேயிலும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த மாதிரி பராமரிப்பு வேலைதான். நான் பார்த்த ஒரு திட்டத்தில் நானூறு பக்கத்துக்கு அழகான வேர்டு கோப்பு ஒன்று கொடுத்தார்கள். அட்டவணை, படம், லோகோ எல்லாம் பக்கா. என்ன, அது விவரித்த மென்பொருள் இரண்டு வருடங்களுக்கு முன்னால் இருந்தது! நிரல் மாறிக்கொண்டே போயிருக்கிறது, வேறொரு ஃபோல்டரில் இருந்த விளக்கத்தை யாரும் தொடவில்லை. ஆவணமே இல்லை என்றால் ஜாக்கிரதையாக இருப்போம். இருக்கிற ஆவணம் பொய் சொன்னால் இரண்டு வாரம் காலி.

ஆக, விளக்கத்தை நிரலுக்குப் பக்கத்திலேயே வைத்தால் என்ன? இதை ஒரு எல்லை வரைக்கும் கொண்டுபோனவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்டு க்னூத். (அவர் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்தால் 2008 வரை 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பிக்கொண்டிருந்தார். வாங்கினவர்கள் பலர் வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள்.) தன் புத்தகத்தின் அச்சுத் தரம் பிடிக்காமல் 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளையே எழுதியவர். அதை எழுதுவதற்காக 'வெப்' என்று ஒரு முறையை உருவாக்கினார். இன்றைய இணையத்துக்கும் இந்த வெப்புக்கும் சம்பந்தமில்லை. கணினி உலகில் அதுவரை யாரும் எடுத்துக்கொள்ளாத மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணமாம். ஒரே கோப்பில் விளக்கமும் நிரலும் கட்டுரை போல, மனிதன் யோசிக்கிற வரிசையில் கலந்திருக்கும். 'டேங்கிள்' என்ற கருவி அதிலிருந்து கணினிக்கான பாஸ்கல் நிரலைப் பிரித்துக் கொடுக்கும். 'வீவ்' என்ற கருவி மனிதன் படிக்கும் பக்கங்களை நெய்து கொடுக்கும். 1984-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1986-ல் டெக்கின் முழு நிரலும் படிக்கத்தக்க புத்தகமாகவே அச்சில் வந்தது.

அருமையான யோசனை. ஆனால் பரவவில்லை. நிரலும் நன்றாக எழுத வேண்டும், கட்டுரையும் நன்றாக எழுத வேண்டும் என்றால் எத்தனை பேர் தேறுவோம், சொல்லுங்கள்?

பரவியது அதைவிடச் சின்ன யோசனை. நிரலுக்கு நடுவே கம்பைலர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் குறிப்புகளை, அதாவது கமெண்டுகளை, எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அதையே ஒரு ஒழுங்கில் எழுதச் சொல்லி, கருவியை விட்டுப் பொறுக்கியெடுத்தால் கையேடு தயார். 1994-ல் வந்த பெர்ல் 5, நிரல் கோப்புக்குள்ளேயே கையேட்டையும் எழுத 'பாட்' என்ற எளிய குறிமுறையைக் கொடுத்தது. 1996-ல் ஜாவாவின் முதல் பதிப்போடு ஜாவாடாக் வந்தது. கமெண்டின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போட்டால் போதும், இணையப் பக்கமாக மாற்றித் தந்துவிடும். அப்போது அது இலவசம்தான், திறமூலம் அல்ல. சன் நிறுவனம் ஜாவாவைத் திறந்துவிடத் தொடங்கியது 2006-ல்.

சி++ ஆட்களுக்கு அந்த வசதியைத் திறமூலமாகவே கொண்டுவந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த டிமிட்ரி வான் ஹீஷ். 1997-ல் அவர் வெளியிட்ட டாக்ஸிஜன் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு வரி கமெண்ட்கூட இல்லாத நிரலைக் கொடுத்தாலும், எந்த கிளாஸ் எதிலிருந்து வந்தது, எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது என்று கிராஃப்விஸ் துணையோடு படம் போட்டுக் காட்டும். அடுத்தவர் எழுதிய நிரலில் தலையைக் கொடுத்தவர்களுக்கு அந்தப் படம் ஊர் தெரியாத இடத்தில் கிடைத்த வரைபடம் மாதிரி.

இதில் ஒரு வினையும் வந்து சேர்ந்தது. பெயரை மாற்றும் ஃபங்ஷனுக்கு மேலே 'இது பெயரை மாற்றும்' என்று எழுதிவைத்தால் கருவிக்குத் திருப்தி, மேலாளருக்கும் திருப்தி. ஆயிரம் பக்கம் வரும், விஷயம் இருக்காது. ஏன் மாற்றணும், எப்போது மாற்றக் கூடாது என்பதுதானே படிக்கிறவனுக்கு வேண்டும்? இப்போது செயற்கை நுண்ணறிவை விட்டு எழுதச் சொல்கிறவர்களின் கமெண்டுகளிலும் இதே வாசனை அடிக்கிறது.

பைத்தான்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள் என்பது என் எண்ணம். அவர்கள் கையேடு பல வருடங்கள் க்னூத்தின் டெக் மேல் கட்டிய லேடெக்கில் இருந்தது. லேடெக் தெரியாதவர்கள் கைவைக்கப் பயந்தார்கள். ஜெர்மனியின் கேயார்க் பிராண்டல், டேவிட் குட்ஜர் உருவாக்கியிருந்த ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்ற எளிய குறிமுறையை எடுத்து, அதன் மேல் ஸ்ஃபிங்ஸ் என்ற கருவியைக் கட்டி 2008-ல் வெளியிட்டார். அதே வருடம் பைத்தான் 2.6-ன் கையேடு அதில் வந்தது. ஸ்ஃபிங்ஸ் கமெண்டுகளைப் பொறுக்கவும் செய்யும். ஆனால் முதுகெலும்பு மனிதன் கையால் எழுதும் அத்தியாயங்கள்தான். பொறுக்கியது நடுநடுவே வந்து உட்காரும்.

இன்னொன்றும் பைத்தானிடம் இருந்தது. டிம் பீட்டர்ஸ் எழுதி, 2001-ல் பைத்தான் 2.1-ல் சேர்ந்த டாக்டெஸ்ட். கையேட்டில் 'இப்படிக் கொடுத்தால் இப்படி விடை வரும்' என்று உதாரணம் இருந்தால், அதை நிஜமாகவே ஓட்டிப் பார்த்து, விடை மாறியிருந்தால் கத்தும். முன்னால் சொன்ன நானூறு பக்கத்துக்கு இப்படி ஒரு காவல்காரன் இருந்திருந்தால்!

பிறகு எல்லாம் வேகம். 2010-ல் ஜாங்கோ ஆட்களின் 48 மணி நேரப் போட்டி ஒன்றில் 'ரீட் த டாக்ஸ்' பிறந்தது. நிரல் மாறினால் கையேட்டை அதுவே மறுபடி கட்டி இணையத்தில் ஏற்றிவிடும். 2016-ல் லினக்ஸ் கெர்னலும் பழைய டாக்புக்கை விட்டு ஸ்ஃபிங்ஸுக்கு மாறத் தொடங்கியது. கெர்னலில் ஒரு ஃபங்ஷனுக்குப் புது உள்ளீடு சேர்த்துவிட்டு மேலே உள்ள கமெண்டில் அதைச் சொல்லாமல் விட்டால், ஆவணம் கட்டும்போது எச்சரிக்கை வரும். அந்த மாதிரி எச்சரிக்கைகளைத் தேடிப்பிடித்துச் சரிசெய்துதான் புதியவர்கள் சிலர் கெர்னலுக்குள் முதல் அடி வைக்கிறார்கள். அனுப்புகிற திருத்தம் ஒரு வரியானாலும் அடியில் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் போட்டுக் கையொப்பமிட வேண்டும். 1971-ன் அந்த உரிமையாளர் வரி இப்போது அங்கே இருக்கிறது.