குடும்ப மருத்துவக் காப்பீட்டின் உண்மைச் செலவு

கணவன், மனைவி, பிள்ளைகள், சில திட்டங்களில் பெற்றோர் என ஒரு வீட்டாரின் மருத்துவமனைச் செலவை ஏற்கும் ஏற்பாடு குடும்ப மருத்துவக் காப்பீடு எனப்படுகிறது. இந்தியாவில் இது பரவலானது, பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986இல் 'மெடிக்ளெய்ம்' பாலிசியைக் கொண்டுவந்த பிறகுதான். மருத்துவக் காப்பீட்டை மட்டுமே தொழிலாகக் கொண்ட முதல் நிறுவனமான ஸ்டார் ஹெல்த் 2006இல் சென்னையில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றுக்கு அரசுத் திட்டம், இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, வேலை செய்யும் நிறுவனம் தரும் குழுக் காப்பீடு, சொந்தமாக எடுக்கும் பாலிசி ஆகிய வழிகள் உள்ளன. இவற்றை ஒப்பிடுவோர் பிரீமியத்தை மட்டுமே பார்ப்பது வழக்கம். டிஸ்சார்ஜ் அன்று கையிலிருந்து கட்டும் பணம், காப்பீடு எட்டிப் பார்க்காத மாத்திரை, டெஸ்ட் செலவு, வயது ஏற ஏற உயரும் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

பிரீமியமே இல்லாத வழி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இப்பெயரில் மாற்றியமைக்கப்பட்டு, 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்து, 2022இல் 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. வருமானச் சான்றிதழும் ரேஷன் அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டை பெறலாம். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் இது செல்லும். கிராமத்திலிருந்து நோயாளியோடு வருபவரின் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, இழந்த நாள்கூலி ஆகியவை எந்த அட்டையிலும் ஏறுவதில்லை. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குப் பெரும் சுமையே அதுதான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட தொழிலாளருக்கு இஎஸ்ஐ உண்டு. இந்த உச்சவரம்பு 2017இல் வந்தது. 2019 ஜூலை முதல் தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் கட்டுகின்றனர். 20,000 ரூபாய் வாங்குபவருக்குப் பிடிப்பு 150 ரூபாய். முதலாளி பங்கு 650 ரூபாய். இந்தப் பணத்துக்கு வெளிநோயாளி சிகிச்சை, மருந்து, மருத்துவமனை எல்லாம் குடும்பத்துக்கே கிடைப்பதோடு, நோயால் வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 விழுக்காடு சம்பளமும் உண்டு. இவ்வளவையும் இந்த விலைக்குத் தரும் தனியார் பாலிசி எதுவும் சந்தையில் இல்லை. டிஸ்பென்சரி வரிசையில் போகும் அரை நாளும், பெரிய மருத்துவமனைக்கு ரெஃபரல் வாங்க நடக்கும் நடையும் இதற்குக் கொடுக்கும் விலை. சம்பளம் வரம்பைத் தாண்டினால் பாதுகாப்பும் போய்விடும். ஊதிய உயர்வு கிடைத்த மகிழ்ச்சியில் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நிறுவனங்கள் தரும் குழுக் காப்பீட்டில் சர்க்கரை, பிபி போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இல்லை. பிரசவச் செலவும் முதல் நாளிலிருந்தே கிடைப்பதுண்டு. வேலை போனால் காப்பீடும் போகும். 58 வயதில் ஓய்வு பெற்று முதல்முறையாகச் சொந்த பாலிசி எடுப்பவர், இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரும். இந்தக் காலம் முன்பு நான்கு ஆண்டாக இருந்தது. 2024 ஏப்ரலில் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ மூன்றாகக் குறைத்தது. நிறுவனக் காப்பீடு இருக்கும்போதே சிறிய சொந்த பாலிசி ஒன்றை ஓட்டிவந்தால், ஓய்வு பெறும்போது அந்தக் காத்திருப்பு முடிந்திருக்கும். இரட்டைச் செலவாகத் தோன்றினாலும் வாங்குவது அந்த ஆண்டுகளைத்தான்.

சொந்த பாலிசியில் நடைமுறையில் அதிகம் விற்பது ஃபேமிலி ஃப்ளோட்டர். ஒரே காப்பீட்டுத் தொகையை எல்லோரும் பகிர்ந்துகொள்வர். இதன் பிரீமியம் வீட்டில் மூத்தவரின் வயதை வைத்தே கணக்கிடப்படுகிறது. 35 வயதுத் தம்பதியோடு 68 வயது அப்பாவையும் சேர்த்தால், இளையவர்களும் அவருடைய வயதுக்கான விலையைச் சுமக்க வேண்டும். அவருடைய ஒரு ஆபரேஷனிலேயே அந்த ஆண்டுத் தொகை தீர்ந்தும் போகலாம். பெற்றோருக்குத் தனி பாலிசி எடுப்பதே பெரும்பாலும் சிக்கனம். மூத்த குடிமக்கள் பாலிசிகள் சிலவற்றில் பில்லில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ நோயாளியே ஏற்க வேண்டிய கோ-பே இருப்பதால், பிரீமியம் குறைவு என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

ரூம் ரென்ட் வரம்புதான் வீட்டாரை அதிகம் அதிர வைப்பது. அட்மிஷன் மேசையில் "இன்சூரன்ஸா, கேஷா?" என்று கேட்டபின் அடுத்த கேள்வி எந்த ரூம் என்பது. பதற்றத்தில் இருக்கும் வீட்டார் ஏசி தனியறை கேட்பார்கள். 3 லட்ச ரூபாய் பாலிசியில் நாள் வாடகை 1 விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய்தான் என்று இருக்க, எடுத்த அறையின் வாடகை 6,000 என்று கொள்வோம். நான்கு நாள் வாடகை 24,000. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணங்கள் 1,20,000. மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, டெஸ்ட் 70,000. கையுறை, பதிவுக் கட்டணம் போன்று காப்பீடு ஏற்காதவை 6,000. மொத்தம் 2,20,000 ரூபாய். தகுதியுள்ள வாடகையைப் போல இரு மடங்கு அறை என்பதால் வாடகையிலும் டாக்டர், தியேட்டர் கட்டணங்களிலும் பாதியே கிடைக்கும். காப்பீடு தருவது 12,000, 60,000, 70,000 ஆக 1,42,000. மீதி 78,000 ரூபாய் வீட்டார் தலையில். வாடகை வித்தியாசம் வெறும் 12,000 என்று நினைத்தவர்களுக்கு டிஸ்சார்ஜ் நேரத்தில்தான் இது தெரியவரும். மருந்து, கருவி, டெஸ்ட், ஐசியூ கட்டணங்களில் இப்படி விகிதப்படி வெட்டக் கூடாது என்பது விதி. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனைகளிலும் இந்த வெட்டு செல்லாது. பில்லை நிதானமாகச் சரிபார்த்தால் சில சமயம் இந்த வகையிலேயே பணம் திரும்பும். 2020இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியிலும் வாடகை, தொகையில் 2 விழுக்காடு, அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய்தான். கூடவே 5 விழுக்காடு கோ-பே உண்டு.

வரியும் கணக்கில் சேரும். பிரீமியத்தின் மீதிருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி, தனிநபர், ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. குழுக் காப்பீட்டுக்கு நீங்கவில்லை. வருமான வரியின் பழைய முறையில் 80டி பிரிவின் கீழ் தனக்கும் குடும்பத்துக்கும் 25,000 ரூபாய், 60 வயதைக் கடந்த பெற்றோருக்கு 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். புதிய முறையில் இது கிடையாது. இதைச் சொல்லாமல் 'வரிச் சலுகை' என்று பாலிசி விற்பவர்கள் இன்றும் உண்டு.

பெரிய தொகைக்குச் சிக்கனமான வழி சூப்பர் டாப்-அப். 5 லட்சம் வரை அடிப்படை பாலிசியோ சேமிப்போ தாங்க, அதற்கு மேற்பட்டதை இது ஏற்கும். வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாக வரம்போடு ஒப்பிடும். சூப்பர் டாப்-அப் ஆண்டின் பில்களையெல்லாம் கூட்டிப் பார்க்கும். 3 லட்சம் வீதம் இரண்டு முறை படுத்தால் முன்னதில் ஒன்றும் வராது, பின்னதில் 1 லட்சம் வரும்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அவர் அளிக்கும் தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.