எண்ணிட்ட ரகசியங்கள்

துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களுக்குக் காணாமற்போன கடிதம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும். முந்நூறு பக்கம் ஓட்டிவிடுவார்கள். கதை எழுதுகிற நானும் அந்த வித்தையை அறியாதவன் அல்ல. ஆனால் நிஜமான கோர்ட்டுகளின் சரித்திரத்தைப் படித்தபோது எனக்கு ஒரு வேடிக்கை புலப்பட்டது. அங்கே கடிதத்தைவிட அதன் மூலையில் குத்தியிருக்கும் சின்னஞ்சிறு எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம். கடிதம் மறைந்தாலும் எண் மறையாது. "இங்கே ஒருவன் இருந்தான்" என்று சாட்சி சொல்லிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் சிவில் வழக்கு என்று வந்துவிட்டால், விசாரணைக்கு முன்பே ஒரு கட்சி தன்னிடமுள்ள தஸ்தாவேஜுகளை மற்றக் கட்சிக்குக் காட்டியாக வேண்டும். 'டிஸ்கவரி' என்று இதற்குப் பெயர். 1938-ம் வருஷம் செப்டம்பரில் அமுலுக்கு வந்த விதிகள் இந்தக் கதவை அகலத் திறந்துவிட்டன. கதவு திறந்ததும் இரண்டு பயங்கள் உள்ளே நுழைந்தன. எதிர்க்கட்சி சில தாள்களை நைசாக உருவிவிட்டால் என்ன செய்வது என்பது ஒரு பயம். வக்கீலிடமும் வைத்தியரிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்கிறோமே, அப்படி நம்பிச் சொன்ன அந்தரங்கம் எதிரியின் கைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பது மற்றொரு பயம்.

முதல் பயத்துக்கு மருந்து அதற்கு வெகு காலம் முன்னரே தயாராகிவிட்டது. 1890-களில் நியூயார்க்கைச் சேர்ந்த எட்வின் பேட்ஸ் என்பவர் நம்பர் குத்தும் யந்திரம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். கையில் பிடித்து அழுத்தினால் தாளில் எண் பதியும். கையை எடுத்ததும் உள்ளேயுள்ள சக்கரம் ஒரு பல் நகர்ந்து அடுத்த எண்ணுக்குத் தயாராக நிற்கும். இரண்டு பிரதிகளுக்கு ஒரே எண் வேண்டுமானால் அதற்கும் ஒரு திருகு உண்டு. வியாபார ஸ்தலங்களுக்குப் பயன்பட்ட இந்தக் கருவியை வக்கீல் குமாஸ்தாக்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்று வேலையைக் கம்ப்யூட்டர் செய்தாலும், 'பேட்ஸ் நம்பர்' என்ற பெயர் மட்டும் போகவில்லை. அதன் சாமர்த்தியம் எளிமையானது: 417 இருக்கிறது, 419 இருக்கிறது, 418 எங்கே என்று யாரும் கேட்டுவிடலாம் அல்லவா?

இரண்டாவது பயத்தின் கதை ஒரு நதியில் ஆரம்பமாகிறது. 1943-ம் வருஷம் பிப்ரவரி 7-ந் தேதி, பிலடெல்பியாவில் டெலவேர் நதியில் 'ஜே. எம். டெய்லர்' என்ற இழுவைப் படகு மூழ்கியது. ஒன்பது பேரில் ஐந்து பேர் மாண்டார்கள். மூன்றே நாளில் படகின் சொந்தக்காரர்கள் வக்கீல் அமர்த்திவிட்டார்கள். ஃபோர்ட்டன்பா என்ற அந்த வக்கீல், உயிர் தப்பியவர்களைச் சந்தித்து வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொண்டார். இறந்தவர்களில் ஒருவரின் சார்பில் வழக்கு வந்தது. "அந்த வாக்குமூலங்களைக் கொடும்" என்றது வாதித் தரப்பு. "மாட்டேன்" என்றார் அவர். கீழ்க் கோர்ட்டு அவரைச் சிறையில் அடைக்கவும் உத்தரவிட்டது!

பறிகொடுத்தவர்களின் பக்கம் நம் மனம் சாய்வது இயற்கைதான். ஆனால் 1947 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு வக்கீலின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. உயிர் தப்பியவர்கள் ஏற்கனவே பகிரங்க விசாரணையில் சாட்சி சொல்லியிருந்தார்கள். வாதியின் வக்கீலும் அவர்களைப் போய்க் கேட்டிருக்கலாம். நடந்த சம்பவத்தை யாரும் ஒளிக்கக் கூடாது. ஆனால் ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்காகத் தயார் செய்த காகிதங்களை, தக்க அவசியம் காட்டாமல் எதிரி கேட்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அப்படிக் கேட்கலாம் என்றால் எந்த வக்கீலும் எதையும் எழுதி வைக்கமாட்டார். அதனால் நஷ்டம் கட்சிக்காரர்களுக்குத்தான்.

சரி, மறைக்கலாம் என்றாகிவிட்டது. எப்படி மறைப்பது? இங்கேதான் பேட்ஸின் யந்திரம் மறுபடியும் கைகொடுக்கிறது. மறைக்கிற பக்கத்துக்கும் எண் உண்டு. அது இருந்த இடத்தில் அதே எண்ணுடன் ஒரு வெற்றுத் தாள் வைப்பதுண்டு. எழுதியது யார், யாருக்கு, எந்தத் தேதி, எந்தக் காரணத்தால் மறைக்கிறோம் என்பதைத் தனி ஜாபிதாவில் குறிப்பார்கள். மறைப்பதை வெளிப்படையாகச் சொல்லி விவரிக்க வேண்டும் என்று 1993-ல் விதியே ஏற்பட்டது. விஷயம் ரகசியம், ரகசியம் இருக்கிறது என்பது மட்டும் ரகசியமல்ல!

சொல்வதற்கு எளிது. காகிதம் மலையாகக் குவியும்போது என்ன ஆகும்? 1968 டிசம்பரில் 'கண்ட்ரோல் டேட்டா' என்ற கம்பெனி, கம்ப்யூட்டர் உலகின் பேரரசனான ஐ.பி.எம். மீது மின்னஸோட்டாவில் வழக்குப் போட்டது. அந்த வழக்கில் ஐ.பி.எம். மூன்று மாதத்துக்குள் சுமார் 1 கோடியே 70 லட்சம் பக்கங்களைக் காட்ட வேண்டி வந்தது. எத்தனை குமாஸ்தாக்கள் கண்விழித்து என்ன பயன்? வக்கீல்களின் அந்தரங்கத் தாள்களும் சில கலந்து போய்விட்டன. பிற்பாடு வேறொரு கம்பெனி, "ஒரு தடவை வெளியே வந்த ரகசியம் இனி ரகசியமல்ல" என்று வாதாடியது. 1978-ல் அப்பீல் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. அவ்வளவு அவசரப்படுத்தி வாங்கிய பிறகு, கை தவறியதை மனமுவந்து கொடுத்ததாகக் கருத முடியாது என்றது.

அந்த வழக்கிலேயே இன்னொரு விசித்திரமும் உண்டு. கண்ட்ரோல் டேட்டா அந்தக் காகித மலைக்குக் கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை தயாரித்து வைத்திருந்தது. 1973 ஜனவரியில் இரு கம்பெனிகளும் ராஜி செய்துகொண்டபோது அதை அழித்துவிட்டார்கள். ஐ.பி.எம். மீது தனி வழக்கு நடத்திக்கொண்டிருந்த அமெரிக்க சர்க்கார் அந்த அட்டவணையைப் பெரிதும் நம்பியிருந்தது, கூச்சலிட்டும் பயனில்லை. காகிதங்கள் அத்தனையும் பத்திரம். ஆனால் எது எங்கே என்று சொல்லும் வழிகாட்டி போய்விட்டது.

வக்கீலின் அந்தரங்கம் என்ற கேடயம் நல்லவர்களுக்கு மட்டுமா உதவும்? அதே மின்னஸோட்டாவில், 1994-ல் ராஜ்ய சர்க்காரும் ஒரு சுகாதார இன்ஷூரன்ஸ் ஸ்தாபனமும் சேர்ந்து சிகரெட் கம்பெனிகள் மீது வழக்குத் தொடுத்தன. கம்பெனிகள் கோடிக்கணக்கான பக்கங்களைக் காட்டிவிட்டு, ஒரு பகுதியை மட்டும் "இவை வக்கீலுடன் பேசியவை" என்று நிறுத்தி வைத்தன. புகையிலையின் தீமையைப் பற்றிய விஞ்ஞான விவகாரங்கள்கூட வக்கீல்களின் திரைக்குப் பின்னே போயிருந்தன. மறைத்தவற்றுக்கும் ஜாபிதா இருந்தபடியால், அவற்றை வகை வகையாகப் பிரித்துப் பரிசோதிக்க முடிந்தது. மோசடிக்குத் துணை போகும் பேச்சுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று நீதிபதி ஃபிட்ஸ்பாட்ரிக் முடிவு செய்தார். 1998 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுக்கவே, சுமார் 39,000 தஸ்தாவேஜுகள் வெளிவந்தன. மே மாதம் கம்பெனிகள் 600 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ராஜிக்கு வந்தன. இன்றைக்கும் அந்தக் காகிதங்களை மேற்கோள் காட்டும் ஆராய்ச்சியாளர்கள் பேட்ஸ் நம்பரைக் குறிப்பிடுகிறார்கள்.

இப்போது காகிதம் மறைந்து கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆபத்து மட்டும் மறையவில்லை. 2019 ஜனவரியில், ட்ரம்பின் பிரசாரத் தலைவராக இருந்த பால் மானஃபோர்ட்டின் வக்கீல்கள், சில வரிகளைக் கறுப்புப் பூசி மறைத்துக் கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். மறைத்த இடத்தைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டியதும் எழுத்துக்கள் பளிச்சென்று தெரிந்தன! கறுப்பு மேலே கிடந்ததே தவிர, அடியில் இருந்த எழுத்து அழியவில்லை. ஆகவே முதலில் மறைப்பதை அடியோடு நீக்கி, பக்கத்தை வெறும் படமாக மாற்றி, உள்ளே ஒளிந்திருக்கும் குறிப்புகளையும் துடைத்துவிட்டு, அதன் பிறகுதான் எண் குத்த வேண்டும் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். நீக்கிய பக்கத்துக்கும் எண் மட்டும் தவறக் கூடாது.

ரகசியம் என்றாலே குற்றம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தால்தான் நியாயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தரங்கம் இல்லாவிட்டால், எளியவன் ஒருவன் தன் வக்கீலிடம் நெஞ்சைத் திறந்து பேச முடியுமா? ஆனால் எண்ணில்லாத ரகசியத்துக்கு நான் அஞ்சுகிறேன். எண்ணிட்ட ரகசியத்தை ஒரு நாள் நியாயாதிபதி ஒருவர் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். எண்ணில்லாத ரகசியத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.